21-ஆம் நாள்

சென்ற கோடை விடுமுறையின் தொடக்கத்தில் ஒரு மாலைப்பொழுது. ஐந்தாம் வகுப்பை முடித்திருந்த சிறுவன் ஒருவன், கையில் ஓர் அட்டைப் பெட்டியோடு பங்கு இல்லத்தின் வாயிலில் வந்து நின்றான். முகம் வாடியிருந்தது. பெட்டிக்குள் பஞ்சின் நடுவே நான்கு முட்டைகள்.

"சாமி, 21 நாளும் பல்பு வெளிச்சத்திலே சூடாகத்தான் வைத்திருந்தேன். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. நான் என்ன தப்புச் செய்தேன்?"

"முட்டைகளை எங்கே வாங்கினாய்?"

"மளிகைக் கடையில், சாமி."

அவன்மீது தவறில்லை. கடைக்கு வரும் வெள்ளை முட்டைகள், சேவலின் துணையின்றிப் பண்ணைக் கூண்டுகளில் வளரும் பேடுகள் இடுபவை. அவற்றில் கரு இல்லை. எத்தனை நாள் சூடு காட்டினாலும் அவை கெட்டுப்போகுமேயன்றி உயிர் பெறா. இதை விளக்கிச் சொன்னேன். இருவருமாகத் தோட்டத்து மூலையில் குழி தோண்டி அவற்றைப் புதைத்தோம். அவனுடைய வீட்டில் பாட்டியின் நாட்டுக்கோழி ஒன்று உண்டென்பதை அறிந்திருந்தேன். "கோழி அடைக்கு வரும்வரை பொறுத்திரு, பாட்டியைக் கேள்" என்று அனுப்பிவைத்தேன்.

ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அக்கோழி அடைக்கு வந்தது. இட்ட இடத்தை விட்டு எழாமல், இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, அருகில் வருவோரைச் சீறிக் கொத்தியது. பாட்டி ஒரு மூங்கில் கூடையில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோலிட்டு, இடிச் சத்தத்தால் முட்டை கெடாதிருக்க ஓர் இரும்புத் துண்டையும் அடுப்புக்கரியையும் ஓரத்தில் வைத்தார். இரும்பு இடியைத் தடுக்காது; ஆயினும் அந்த முதிய கைகளின் அக்கறையைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. சேவல் வளர்க்கும் அண்டை வீட்டிலிருந்து, இட்டு ஒரு வாரமாகாத, கீறலில்லாத ஒன்பது முட்டைகள் வாங்கிவரப்பட்டன. குளிர்பெட்டியில் வைத்த முட்டை வேண்டாமென்று பாட்டி முன்னரே எச்சரித்திருந்தார்.

ஏழாம் நாள் இரவு, கோழி இரை தின்ன இறங்கியவேளை பார்த்து, அறையை இருட்டாக்கி, முட்டையின் அகன்ற முனையில் கைப்பேசியின் விளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். ஏழு முட்டைகளில் சிலந்தி வலைபோல் செந்நிற நரம்புகள் படர்ந்திருந்தன. இரண்டில் வெறும் மஞ்சள் ஒளி மட்டுமே தெரிந்தது. அவை கூமுட்டைகள், அகற்றப்பட்டன. சிறுவன் மூச்சுவிடாமல் ஓடிவந்து, "சாமி, உள்ளே ஒன்று அசைகிறது!" என்றான். ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், முட்டைக்குள் கரு வளரும் விதத்தை நாள் வரிசையில் ஆராய்ந்து, மூன்று நாள் கழிந்ததும் இதயம் ஓர் இரத்தப் புள்ளியாய்த் துடிப்பதை எழுதி வைத்தார். அந்த அறிஞரின் வியப்பும் இச்சிறுவனின் வியப்பும் ஒன்றே.

அந்த மூன்று வாரமும் தாய்க்கோழி செய்த பணியை எண்ணிப் பாருங்கள். நாளுக்கு ஒருமுறை, சற்று நேரமே எழுந்து இரையும் நீரும் கொள்ளும்; உடனே திரும்பிவிடும். கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளாதிருக்க, அலகால் முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். தன் உடல் மெலிந்தாலும் முட்டையின் சூடு குன்ற விடாது. நம் ஆண்டவர் எருசலேமை நோக்கிக் கலங்கியபோது, தமக்கு உவமையாக இறக்கை விரித்த கோழியைத் தேர்ந்துகொண்டதன் பொருள், அடைக்கோழியை அருகிருந்து பார்த்தவர்க்கு எளிதில் விளங்கும்.

21-ஆம் நாள் மாலை நான்கு மணிக்கு இரண்டு முட்டைகளில் விரிசல் கண்டது. வேறு சில அதற்கு முன்பே உடைந்திருந்தன. இரவு எட்டு மணிக்கு ஐந்து குஞ்சுகள் வெளிவந்துவிட்டன. ஆறாவது முட்டையில் மாலையில் கண்ட துளை அப்படியே இருந்தது. உள்ளிருந்து மெல்லிய கீச்சொலி மட்டும் கேட்டது. சிறுவன் என்னை அழைத்துப்போக வந்தான். நான் சென்றபோது, அவனுடைய தந்தை கையில் ஒரு சிறு இடுக்கியோடு நின்றிருந்தார். "சாமி, அது தவிக்கிறது, கொஞ்சம் ஓட்டைப் பிய்த்துவிட்டால் என்ன?" என்றார். "கை வைக்காதே ராசா" என்று பாட்டி தடுத்துக்கொண்டிருந்தார்.

நான் சிறுவனாயிருந்தபோது அதையே செய்தவன். இரக்கத்தோடுதான் ஓட்டை உரித்தேன். உட்தோலிலிருந்து இரத்தம் கசிந்தது; சிறிது நேரத்தில் அக்குஞ்சு என் உள்ளங்கையிலேயே அடங்கிற்று. என் தாய் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதனாலேயே அது இன்றும் மறக்கவில்லை. இதை அவர்களிடம் சொன்னேன்.

பொரிக்கும் வேளையில் நிகழ்வது இதுதான். குஞ்சு முதலில் முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்து, முதல் மூச்சு விடுகிறது. பின்னர் அலகு நுனியிலுள்ள கடினமான சிறு முளையால் ஓட்டைக் குத்துகிறது. அதன்பின் நெடுநேரம் ஓய்ந்திருக்கிறது. நமக்கு அது தோல்வியாய்த் தோன்றும். உண்மையில் அந்நேரத்தில்தான் உட்தோலின் நரம்புகளிலுள்ள இரத்தம் உடலுக்குத் திரும்புகிறது. எஞ்சிய மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. முதல் துளையிலிருந்து முழுதும் வெளிவர 12 மணி முதல் 24 மணி நேரம் ஆகலாம். உள்ளிழுத்த மஞ்சள் கருவின் வலிமையால், பிறந்த குஞ்சு இரண்டு நாள் இரையின்றியும் தாங்கும்.

தந்தை இடுக்கியைக் கீழே வைத்தார். கோழியை அடிக்கடி தூக்கிப் பார்க்கவேண்டாமென்று சொல்லி விடைபெற்றேன். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் சிறுவன் வந்தான். "ஆறாவதும் வந்துவிட்டது, சாமி! தானாகவே வந்தது!" அவன் கண்கள் சிவந்திருந்தன, உறங்கவில்லை போலும்.

ஏழாவது முட்டை பொரிக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து அதையும் அவன் கொண்டுவந்தான். "நன்றாகத்தானே இருந்தது?" என்று கேட்டான். கருக்கள் மடிவது பெரும்பாலும் முதற்சில நாட்களிலோ கடைசி மூன்று நாட்களிலோதான் என்றும், அதற்கு அவன் காரணமல்லன் என்றும் சொன்னேன். முன்னைய நான்கின் அருகிலேயே அதைப் புதைத்தான். இம்முறை குழியை அவனே தோண்டினான்.

அன்பார்ந்த பெற்றோரே, இதைக் கொண்டு, பிள்ளைகளைத் தனியே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். அந்தக் கோழி 21 நாள் சூடு கொடுத்தது. பொரித்த பின்னும் குஞ்சுகளை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டது. பருந்தின் நிழல் கண்டால் குரல் கொடுத்தது. பாட்டி குருணையும் தூய நீரும் வைத்தார். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான சொட்டு மருந்தை ஏழாம் நாளில் கால்நடை மருத்துவமனையில் போட்டுவந்தார்கள். இவையெல்லாம் உதவியே. ஓட்டை உடைக்கும் அந்த ஒரு வேளையில் மட்டும் கோழி அலகை நீட்டவில்லை. குரல் கொடுத்துக்கொண்டு அருகிலேயே இருந்தது.

பள்ளி திறந்த பின், அந்தத் தந்தை ஒருநாள் என்னிடம் வந்தார். மகனின் வீட்டுக் கணக்குகளை இதுவரை தாமே போட்டுக் கொடுத்துவந்ததாகவும், இப்போது அவன் போடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகவும் கூறினார். "தப்பும் தவறுமாகத்தான் போடுகிறான், சாமி. அதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் கடினமாக இருக்கிறது" என்றார்.

கடினந்தான். அவர் வீட்டில் இப்போது ஆறு குஞ்சுகளும் வளர்ந்து முற்றத்தில் மேய்கின்றன. ஆறாவது எதுவென்று கேட்டால், சிறுவனுக்கு மட்டுமே தெரியும்.