காப்பை விற்க முன்னர்



நிலாவெளிப் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். உல்லாசப் பயணிகளைப் புறாத்தீவுக்குச் சுழியோட அழைத்துச் செல்வது அவருடைய மகனின் தொழில். கடலுக்கடியில் அவர்களைப் படம் பிடித்துக் கொடுத்தும் சிறிது சம்பாதிக்கிறார். கையிலுள்ள டிஜிட்டல் கமரா பழசாகி விட்டதாம். படமெல்லாம் நீலமாக விழுகிறதாம். புதியது வாங்க உம்மாவின் காப்புச் சோடியை விற்றுத் தரச் சொல்கிறார். "கொடுக்கலாமா?" என்பது தாயின் கேள்வி.

முதலில் அந்த நீலத்தை விசாரிப்போம். கடல்நீர் சூரிய வெளிச்சத்தின் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் உள்ளே விடுவதில்லை. சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். ஏறக்குறைய 5 மீற்றரிலேயே சிவப்பு மங்கிவிடும். 10 மீற்றருக்கு இறங்கினால் செம்மஞ்சளும் போய்விடும். ஆழத்தில் கையில் காயம் பட்டால் இரத்தங்கூடப் பச்சையாகத் தெரிவதைச் சுழியோடிகள் கண்டிருக்கிறார்கள். அங்கே இல்லாத நிறத்தை எத்தனை இலட்சம் கொடுத்து வாங்கிய கமராவும் பிடித்துத் தராது. வேண்டியது தனியாகப் பொருத்தும் ஒரு பிளாஷ். அதுவும் ஒரு மீற்றருக்குள் நெருங்கினால்தான் உதவும். அதன் வெளிச்சமும் அதே நீருக்குள்தானே போய்வர வேண்டும்! ஆழங்குறைந்த இடமென்றால், வெள்ளைப் பலகைத் துண்டொன்றைக் காட்டி நிறத்தைச் சரிசெய்யும் வசதி பழைய கமராக்கள் பலவற்றிலும் உண்டு. மகன் அதைத் திறந்து பார்த்தாரா என்று கேளுங்கள்.

அடுத்தது, வாங்கப் போகிறவர் முதலில் போட மறக்கும் கணக்கு. கமராவை வைத்து மூடும் நீர்புகா உறை அந்த ஒரு மாதிரிக்கென்றே வார்க்கப்பட்டது. பொத்தான் ஒரு நூல் தள்ளியிருந்தாலும் பொருந்தாது. கமராவை மாற்றினால் உறையையும் மாற்றவேண்டி வரும். பெரிய கமராக்களுக்கு உறையின் விலை கமராவையே மிஞ்சுவதுண்டு. ஒரு காப்பை நினைத்துப் போனால் இரண்டும் போய்விடும்.

அதற்காகப் பழையதையே கட்டி அழவேண்டும் என்று நான் சொல்லவில்லை. புறாத்தீவில் கருமுனைச் சுறாக்கள் உலவுகின்றன. பொத்தானை அழுத்தி, கமரா தெளிவு தேடித் தடுமாறி முடிவதற்குள் சுறா போய்விட்டால் அது பிள்ளையின் குற்றமல்ல. பற்றரி கடையில் கிடைக்காமற் போனாலோ, உறையின் இறப்பர் வளையத்திற்கு மாற்று இல்லாவிட்டாலோ, பூட்டு வெடித்திருந்தாலோ தாமதிக்கவே கூடாது. உப்புநீர் சிறிது புகுந்தாலும் கமராவின் கதை முடிந்தது.

ஆகவே, தாயும் மகனும் அமர்ந்து கடைசியாகப் பழுதான 50 படங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீலமாய்ப் போனது, தூரத்தில் நின்று எடுத்தது, கை ஆடியது, பிளாஷ் வெளிச்சம் மண் துகளில் பட்டுப் பனிபோல் தெளித்தது: இவையெல்லாம் புதிய கமராவிலும் அப்படியேதான் வரும். நெருங்கி, நிதானமாக, நல்ல வெளிச்சத்தில் எடுத்தும் கெட்டவை எத்தனை? அவைதான் அதிகமென்றால் தாராளமாகக் காப்பைக் கொடுங்கள்.

கொடுப்பதானாலும் காலம் பாருங்கள். கிழக்குக் கரையில் கடல் தெளிந்து அடங்கியிருப்பது மே முதல் செப்டெம்பர் வரைதான். வடகீழ்ப் பருவமழை தொடங்கும் வேளையில் வாங்கினால், காப்பு போய்விடும், கமரா அலுமாரியில் உறங்கும். சித்திரையில் வாங்கினால் அடுத்த மாதமே அது உழைக்கத் தொடங்கும்.

வாங்கிய உறைக்குள் உடனே கமராவை வைத்துவிட வேண்டாம். வெறும் உறைக்குள் மெல்லிய கடதாசியொன்றை மடித்து வைத்துப் பூட்டி, வழக்கமாக இறங்கும் ஆழத்துக்குக் கொண்டுபோய் அரைமணி நேரம் வைத்திருக்கட்டும். மேலே வந்து, உறையைத் துடைத்துத் திறந்து, கடதாசியைத் தொட்டுப் பார்க்கட்டும்.