அபராதம் யாருக்கு?

(மூன்றாம் ஆண்டு வரலாறு மாணவன்)

தேர்வுக் கட்டணம் செலுத்தும் கடைசி நாளைத் தவறவிட்டால் என்ன செய்கிறோம்? அபராதத்துடன் கட்டுகிறோம். முணுமுணுத்தாலும் கட்டிவிடுகிறோம். ஏனெனில் தவறு நம்முடையது. தொகை நம்மால் தாங்கக்கூடியது. கட்டியபின் தேர்வுக்கூடத்தில் மற்றவரோடு சமமாக உட்காருகிறோம். இம்மூன்றும் பொருந்தினால்தான் அபராதம் நியாயமாகும்.

உரிய ஆவணமின்றி ஒரு நாட்டில் வாழ்வோர் அபராதம் செலுத்திச் சட்டபூர்வமான நிலையைப் பெறலாமா? 2013 இல் அமெரிக்க செனட் சபை அப்படியொரு மசோதாவை நிறைவேற்றியது. கீழ்ச்சபையில் அது நிறைவேறவில்லை. அக்கேள்வியை நம் மண்ணில் வாழும் இலங்கை அகதிகளை வைத்துச் சிந்திப்போம்.

கம்பம் பள்ளத்தாக்கினராகிய நமக்கு எல்லை புதிதன்று. விடியுமுன் ஜீப்பேறிக் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்பும் தாய்மார்களை நாம் அறிவோம். அது மாநில எல்லை, பாஸ்போர்ட் வேண்டியதில்லை. இதே வயிற்றுப்பாட்டுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோரின் வழிவந்தவர்களே மலையகத் தமிழர். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 1983 கலவரத்துக்குப்பின் அகதிகளாக வந்தோரில் ஈழத்தமிழரோடு இவர்களும் உண்டு.

பாஸ்போர்ட் இன்றி வந்ததால், 2003 ஆம் ஆண்டுத் திருத்தப்படி இவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. வீடு எரியும்போது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? முகாமிலேயே பிறந்த குழந்தை எந்த எல்லையைத் தாண்டியது?

2025 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், ஆவணமின்றி நுழைவோருக்கு ஐந்தாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு மத்திய அரசு விலக்களித்தது. வரவேற்போம். ஆனால் தண்டனைதான் நீங்கியது, குடியுரிமை வரவில்லை. 2019 ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கைக்கு இடமில்லை. நம் வயதுடைய முகாம் இளைஞன் நம்மோடு வாக்குச்சாவடிக்கு வர முடியாது.

"சட்டத்தை மீறியோருக்குச் சலுகை தந்தால், முறைப்படி காத்திருப்போருக்கு அநீதியன்றோ?" என்பர் சிலர். நியாயமான கேள்விதான். வசதிக்காக விசாக் காலம் கடந்து தங்கியவனிடம், அவன் கூலிக்கேற்பத் தவணை முறையில் அபராதம் வாங்கலாம். வாங்கியபின் கதவைத் திறந்துவிட வேண்டும். உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவனிடம் வாங்குவது எப்படித் தகும்? கேட்டால் கடன்பட்டாவது கட்டுவான். அது அவன் செய்த தவறுக்கு விலையன்று. அவனுடைய கதியற்ற நிலைக்கு நாம் வைக்கும் விலை.

அபராதம் தவறுக்கு உரியது, துயரத்துக்கு அன்று. அகதிக்கு அபராதமும் வேண்டாம், வெறும் மன்னிப்பும் போதாது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஒரு வழி வேண்டும். அதைக் கேட்பது வாக்குரிமை பெற்ற நம் கடமையல்லவா, நண்பர்களே?