பார் இல்லாத சைக்கிளும் ஊருக்கு வரட்டும்

ஓணம் விடுமுறை நெருங்கினால் கழக்கூட்டத்தில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். இங்கே பள்ளிக்கூடங்களுக்குப் பத்து நாள் விடுமுறை. ஊரிலோ அத்தை பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளும் வழக்கம்போல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். நம் பிள்ளைகள் பகல் முழுதும் ஆச்சி வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் சில வருடங்களாகப் பலரும் காரின் பின்னால் ரேக் மாட்டி, அதில் சைக்கிளைக் கட்டி எடுத்துப் போகிறார்கள். நல்ல பழக்கம்தான். நானும் அப்படிப் போகிறவன்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? பைபாசில் நம்மவர் கார்கள் தெற்கே போகும்போது பின்னால் தொங்குவது எந்த சைக்கிள்? பெரும்பாலும் வீட்டுத் தலைவருடைய கியர் சைக்கிள். அம்மாவின் லேடீஸ் சைக்கிளும் பெண் குழந்தையின் சின்ன சைக்கிளும் கார் ஷெட்டில் தூசி படிந்து நிற்கும். சங்கத்துச் சகோதரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. என் வீட்டிலும் மூன்று வருடம் இதுதான் நடந்தது. "உங்க சைக்கிள் மட்டும் ஊருக்கு வருது, எங்க சைக்கிள் வீட்டுக்குக் காவலா?" என்று என் துணைவியார் கேட்டபோது, "அது ரேக்கில் நிற்காதும்மா" என்று பதில் சொன்னேன். அந்தப் பதில் முழுப் பொய் இல்லை. ஆனால் மேற்கொண்டு யோசிக்க எனக்குச் சோம்பல் என்பதும் உண்மை.

டிக்கி கதவில் பட்டைகளால் கட்டும் ரேக்கில் இரண்டு கைகள் பின்பக்கமாக நீண்டிருக்கும். சைக்கிளின் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் பார் அந்தக் கைகளில் உட்கார்ந்தால் வண்டி நேராகத் தொங்கும். காரியவட்டம் உடற்கல்விக் கல்லூரி வெலோட்ரோமில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்கு வந்த சைக்கிள்களைப் போல, முக்கோணம் முக்கோணமாகச் சட்டம் உள்ள வண்டிகளுக்கு இந்த ரேக் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. லேடீஸ் சைக்கிளில் அந்தப் பாரே கிடையாது. அதற்குப் பதில் ஒன்றோ இரண்டோ குழாய்கள் வளைந்து பெடல் பக்கம் சரிகின்றன. சரிந்த குழாயில் மாட்டினால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு சக்கரம் கீழே தொங்கும். அது சைலன்சருக்கு நேராக வந்தால் டயர் சூட்டில் கெட்டுப்போகும். இன்னும் இறங்கினால் நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறையும். சிறுவர் சைக்கிளிலோ, ரேக்கின் இரண்டு கைகளும் உள்ளே நுழைவதற்கே இடம் போதாது.

இதெல்லாம் தெரிந்தும் நான்காவது வருடம் ரோஷத்தில் மூன்று சைக்கிளையும் ஏற்றினேன். என்னுடையதை உட்பக்கம் மாட்டி, துணைவியாரின் சைக்கிளைச் சரிந்த குழாயிலேயே மாட்டி, மகளுடையதை அதன்மேல் சாத்திக் கயிற்றால் சுற்றினேன். களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில் வரை ஒன்றும் ஆகவில்லை. நெரிசலில் வேகமே கிடையாதே! ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் வந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. மேற்கே மலைகளுக்கு நடுவே உள்ள கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று அங்கே பாய்ந்து வரும். அதற்காகத்தானே அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள்! ஆவணி மாதம் கேட்கவே வேண்டாம். மொபெட்டில் வந்த ஒருவர் என் ஜன்னல் அருகே வந்து, "அண்ணாச்சி, பின்னால சக்கரம் வெளிய சுத்துது, வண்டிய நிப்பாட்டுங்க!" என்று கத்தினார்.

இறங்கிப் பார்த்தேன். லேடீஸ் சைக்கிளின் ஹேண்டில் திரும்பி, முன்சக்கரம் காருக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. மகளின் சைக்கிள் ஒற்றைக் கயிற்றில் ஊசலாடியது. அந்த மனிதர் என்னை முந்துவதற்காக இன்னும் கொஞ்சம் ஒட்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. பக்கத்து டீக்கடைக்காரர் கொடுத்த கயிற்றால் சக்கரத்தைச் சட்டத்தோடு கட்டினேன். சின்ன சைக்கிள் பின் சீட்டுக்கு வந்தது. மகள் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் திருநெல்வேலி வரை வந்தாள்.

அன்றைக்குப் புத்தி வந்து விசாரித்ததில், தீர்வு சின்னதாகத்தான் இருந்தது. அடாப்டர் பார் என்று ஒரு கம்பி விற்கிறார்கள். நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இரண்டு முனையிலும் கொக்கி இருக்கும். ஒரு கொக்கியை ஹேண்டில்பாரின் தண்டிலும் இன்னொன்றை சீட் கம்பியிலும் மாட்டிவிட்டால், இல்லாத பாரை நாமே உண்டாக்கியதாக ஆகிவிடும். அப்புறம் ரேக்குக்கு அது பார் வண்டிதான். ஒரு எச்சரிக்கை: வண்டியின் முழு எடையும் அந்த இரண்டு இடங்களில் இறங்குவதால், ஹேண்டில் நட்டும் சீட் நட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். கூடையையும் குழந்தை சீட்டையும் கழற்றிவிடுங்கள், காற்று பிடிப்பது அவற்றில்தான். முன்சக்கரத்தைக் கட்டாயம் சட்டத்தோடு கட்டுங்கள். அடாப்டருக்கும் அடங்காத சிறுவர் சைக்கிளை ரேக்கில் ஏற்றவே வேண்டாம். இரண்டு நட்டைக் கழற்றி முன்சக்கரத்தைத் தனியாக்கினால் அது டிக்கிக்குள் போய்விடும். இந்த யோசனை எனக்குச் சொல்லாமல் தோன்றவில்லை, மகளுக்குத்தான் தோன்றியது.

எடையையும் பாருங்கள். பட்டை ரேக்குகளில் சைக்கிள் ஒன்றுக்கு 15, 16 கிலோ என்றுதான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு எல்லாம் உள்ள நம் இரும்பு லேடீஸ் சைக்கிள் அதைத் தாண்டிவிடக்கூடும். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்த்தால் கணக்கு தெரிந்துவிடும். மின்சார சைக்கிள் என்றால் இந்த ரேக்கே வேண்டாம்.

கூரைமேல் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் ரேக்கும் உண்டு. சட்டம் எப்படி வளைந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நமக்குத்தான் கவலை. காரும் சைக்கிளும் சேர்ந்து இரண்டரை மீட்டரைத் தாண்டும். சைக்கிள் மேலே இருப்பதை மறந்து அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டுக்குள் நுழைந்தவர்கள் கதையைக் கேட்டால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

நம்பர் பிளேட் விஷயத்தில் நம்மவர்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். 2019 ஏப்ரல் முதல் வந்த புது வண்டிகளில் உள்ள உயர் பாதுகாப்பு பிளேட்டைக் கழற்றி வேறு இடத்தில் மாட்ட முடியாது, பூட்டு அப்படி. அதனால் சைக்கிள்தான் அதற்கு மேலே ஏறித் தொங்க வேண்டும். 2023 ஜூனில் கேரளச் சாலைகளில் 726 கேமராக்களைக் கொண்டு அபராதம் போட ஆரம்பித்தார்கள் என்பது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நான் பயப்படுவது கேமராவுக்கு இல்லை. மறைந்த பிரேக் விளக்கைப் பார்க்காமல் பின்னால் வந்து மோதுகிறவருக்கு என்ன பதில் சொல்வது?

"இவ்வளவு பாடு எதற்கு, ஊரில் ஒரு பழைய சைக்கிள் வாங்கிப் போட்டுவிடலாமே" என்பார்கள் சிலர். பெரியவர்களுக்குச் சரி. குழந்தைக்கு அவள் உயரத்துக்கு ஏற்ற, அவள் கை பழகிய பிரேக் உள்ள வண்டிதான் வேண்டும். ஊர்த் தெருவில் புது வண்டியில் தடுமாறி விழுந்தால் ஆச்சி அப்புறம் ஏறவே விடமாட்டாள்.

இன்னொரு வழி ரயில். இலவசமாகக் கொண்டுபோகும் சாமான் கணக்கில் சைக்கிள் சேராது, தனியாகக் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். கழக்கூட்டம் சின்ன ஸ்டேஷன், திருவனந்தபுரம் சென்ட்ரலுக்குத்தான் போயாக வேண்டும். என் சிறு வயதில் இந்தத் தொல்லையே இல்லை. பஸ்ஸின் பின் ஏணி வழியே சைக்கிளைத் தோளில் ஏற்றிக் கூரையில் படுக்க வைத்துக் கட்டுவார்கள், லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார்கள். படுக்க வைத்த சைக்கிளுக்குப் பார் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன!

இந்தப் பாரைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள், பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதியிருக்கிறார். சேலை கட்டிக்கொண்டு பார் வண்டியில் ஏறிய அந்தப் பெண்கள் வண்டி தங்களுக்குப் பொருந்தவில்லை என்று உட்கார்ந்துவிடவில்லை. ஒரு ரேக்கைப் பொருத்துவதற்கு நாம் மூன்று வருடம் சாக்கு சொன்னோமே!

ஆகவே ரேக் வாங்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கடைக்கு உங்கள் சைக்கிளை எடுத்துப் போகாதீர்கள். வீட்டில் எது எல்லாவற்றிலும் கோணலான சட்டமோ அதை எடுத்துப் போய், கடைக்காரர் முன்னாலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது நின்றால் உங்களுடையது தானாக நிற்கும். நிற்காவிட்டால் வேறு ரேக் பாருங்கள்.

போன ஓணத்துக்குத் துணைவியாரின் சைக்கிளை அடாப்டர் பாரோடு முதலில் மாட்டினோம். மகளுடையது டிக்கிக்குள் போனது. பெட்டிகள் போக மிச்சமிருந்த இடத்தில் என்னுடையதுக்கு வழியில்லை. பாளையங்கோட்டையில் பத்து நாளும் நான் நடந்துதான் காய்கறி வாங்கப் போனேன்.