ராசியில்லாத இடமா?

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மாமி இருக்கிறார். 2016 டிசம்பர் 12-ம் தேதி அடித்த வர்தா புயல், அவர் வீட்டு வாசலில் நின்ற மயில்கொன்றையை வேரோடு சாய்த்துவிட்டது. அந்த இடத்தில் பிறகு வைத்த இரண்டு கன்றுகளும் பட்டுப்போயின. மூன்றாவதாகத் தை மாதத்தில் ஒரு புங்கங்கன்று வைத்தார். சித்திரை பிறப்பதற்குள் அதுவும் மஞ்சள் பூத்துத் தலையைத் தொங்கவிட்டது.

"காலையும் மாலையும் ஜலம் விடுகிறேன். எரு போட்டேன், யூரியாவும் போட்டேன். இந்த இடத்துக்கே ராசியில்லை. சிமெண்டு வாங்கி வைத்துவிட்டேன்; மூடிவிடப் போகிறேன்" என்றார் மாமி. சொல்லும்போதே குரல் கம்மியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கன்று உண்டா? ராசியைப் பழிக்குமுன் தண்டின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது.

அடுத்தபடி, ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துப் பாருங்கள். தண்ணீர் போதாவிட்டாலும் இலை தொங்கும்; மிஞ்சினாலும் தொங்கும். வேருக்கும் காற்று வேண்டுமல்லவா? மாமி வீட்டில் அடியில் களிமண். மேலே வீடு கட்டியபோது கொட்டிய செங்கல்லும் காரையும். குழி கிணறு மாதிரி தண்ணீரைத் தேக்கிக்கொண்டிருந்தது. மண்ணை முகர்ந்தால் சாக்கடை வாடை! வேர் நொந்திருக்கும்போது யூரியா போடுவது, ஜுரக்காரனுக்குக் கல்யாணச் சாப்பாடு போடுகிற கதைதான்.

சில வீடுகளில் இதற்கு நேர்மாறு. சுற்றியுள்ள மண் நனைந்திருக்கும். பையோடு வந்த வேர்க்கட்டு மட்டும் காய்ந்து கிடக்கும். ஆகையால் இரண்டு இடத்திலும் தொட்டுப் பாருங்கள்.

பிறகு தண்டின் அடி. வேர் பிரியும் இடம் மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும். மாமியின் கன்று நாலு விரற்கடை புதைந்திருந்தது. மண்ணை விலக்கினோம். அங்கேதான் முக்கியமான குற்றவாளி அகப்பட்டான். கறுப்புப் பையில் வளர்ந்தபோது சுருண்ட வேர் ஒன்று, தண்டின் கழுத்தைச் சுற்றி வளைத்திருந்தது. இதை அலட்சியம் செய்யக்கூடாது. வேர் சுருண்ட கன்று சில சமயம் பிழைத்து, பார்வைக்கு நன்றாகவே வளரும். பல வருஷம் கழித்துப் புயலில் வீட்டின் மேலேயே சாயும். பரந்து ஓடிய வேர்தானே மரத்தைப் பிடித்து நிறுத்துகிறது?

சாயங்கால வேளையில் அந்த ஒரு வேரை மட்டும் கூரிய கத்தியால் நறுக்கினோம். காரைத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்து, தண்ணீர் வடிய ஒரு பக்கம் சிறு வாய்க்கால் வெட்டினோம். சருகை மூன்று அங்குலம் பரப்பினோம். தண்டை ஒட்டாமல் நாலு விரற்கடை இடைவெளி விட்டோம். இறுகியிருந்த கயிற்றை அவிழ்த்து, தண்டு கொஞ்சம் அசையும்படி பழைய துணியால் தளரக் கட்டினோம். காற்றில் அசைந்தால்தான் தண்டு பருக்கும். புதுத் தளிர் வரும்வரை உரம் கிடையாது. மண் காய ஆரம்பித்த பிறகே ஜலம். அதுவும் மெதுவாக, ஆழமாக இறங்கும்படி.

புதிதாக வைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குழி ஆழத்தைவிட அகலம் அதிகமாக இருக்கட்டும். பையைக் கிழித்ததும் சுருண்ட வேரைப் பிரித்துவிடுங்கள். தண்ணீர் தேங்கும் மனையானால் மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். வெயில் தணிந்து மழை தொடங்கும் சமயம் நட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

மாமியின் புங்கன் ஆடி மாதத்தில் இரண்டு தளிர் விட்டது. ஐப்பசி மழையைத் தாண்டினால்தான் நிச்சயம் சொல்லலாம் என்று எச்சரித்திருக்கிறேன். மாமி கேட்டால்தானே! வாங்கி வைத்த சிமெண்டு, மாடிப்படிக்குக் கீழே கட்டிதட்டிக் கிடக்கிறது.