பதினெட்டு வயதோடு முடிந்துவிடுமா?

என் அறைத்தோழி ஒரு நாள் இரவு ஒரு கோப்பை என்னிடம் நீட்டினாள். "இதுல என்னதான் எழுதியிருக்குனு கொஞ்சம் பாரேன்" என்றாள். 2020-ஆம் ஆண்டில் அவளுடைய பெற்றோர் சேர்ந்து கொடுத்த மணவிலக்கு மனுவும் நீதிமன்ற ஆணையும் அதில் இருந்தன. எல்லாம் மலாயில். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்ட அவளுடைய அம்மா, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மாதம் 400 ரிங்கிட் அனுப்பி வந்த அப்பா, இவளுக்கு 18 வயது நிறைந்த மறுமாதமே நிறுத்திவிட்டார். "சட்டப்படி அதோட முடிஞ்சதும்மா" என்றாராம். அப்போது இவள் ஆறாம் படிவ மாணவி. மறுபடியும் கேட்க இவளுக்கு மனம் வரவில்லை. பெற்ற தகப்பனிடமே பிச்சை கேட்பது போல் இருக்கிறது என்கிறாள்.

அப்பா சொன்னது சரியா? நம் வீடுகளில் பெரும்பாலோர் சரி என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது உண்மையும்கூட. முஸ்லிம் அல்லாதாரின் மணவிலக்கு, 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிள்ளைக்கான பராமரிப்புத் தொகை 18 வயதோடு நிற்கும், உடற்குறையோ மனநலக் குறையோ உள்ள பிள்ளைக்கு மட்டும் தொடரும் என்று அது கூறியது. படிக்கும் பிள்ளையும் பிறரை நம்பித்தானே வாழ்கிறது என்ற வாதம் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று, 2004-இல் தோற்றது. பிறகு நாடாளுமன்றம் 2017-இல் சட்டத்தைத் திருத்தியது. 15 டிசம்பர் 2018 முதல், பிள்ளை மேற்கல்வியோ பயிற்சியோ பெற்று வந்தால், அது முடியும் வரை தொகை தொடரும்.

அப்படியானால் அப்பா சொன்னது தவறு என்று நான் துள்ளினேன். அவசரப்பட்டுவிட்டேன். ஆணையிலேயே அதைவிடக் குறுகிய காலம் குறிக்கப்பட்டிருந்தால் அதுவே செல்லும் என்று அந்தப் பிரிவு தொடக்கத்திலேயே சொல்கிறது. தோழியின் கோப்பில் '18 வயது அடையும் வரை' என்று ஒரு வரி இருந்தது. காலத்தைக் குறிப்பிடாமல் விட்டிருந்தாலே சட்டம் இவளைப் பட்டம் வரை கொண்டு சேர்த்திருக்கும். சேர்ந்து மனுச் செய்யும்போது நிபந்தனைகளைக் கணவனும் மனைவியும்தான் பேசி முடிக்கிறார்கள். அன்று பேச்சு முழுவதும் வீடு யாருக்கு, கார்க்கடன் யாருக்கு, யார் மேல் தப்பு என்பதில்தான். இந்த வரி பழைய மாதிரிப் படிவத்திலிருந்து வந்து உட்கார்ந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

18 என்ற எண்ணை நம் பிள்ளைகளின் வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். தமிழ்ப்பள்ளி முடித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவள் நான். எஸ்.பி.எம். ஆண்டில்தான் எனக்கு 18 வயது. எஸ்.டி.பி.எம். எழுதுவோருக்கு 19 ஆகிவிடும். சம்பாதிக்க ஒரு சான்றிதழ் கைக்கு வருமுன்பே பணம் நின்றுவிடுகிறது.

அப்பாமார் பக்கமும் பேச வேண்டும். லோரி ஓட்டி, இன்னொரு குடும்பத்தையும் பார்ப்பவரால் எவ்வளவுதான் கொடுக்க முடியும்? அதனால்தான் தொகையை முடிவு செய்யும்போது நீதிமன்றம் அவருடைய வசதியையும் பார்க்கிறது. அம்மாவுக்கு வசதி இருந்தால் அவரையும் கொடுக்கச் சொல்லலாம். ஆனால் "பிள்ளையக் கண்ணுல காட்டல, அதனால காசு கொடுக்கல" என்பது மட்டும் எடுபடாது. பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும் பராமரிக்கும் கடமை இருவருக்கும் உண்டு. காசு வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுப்பதும் முறையல்ல.

என் கருத்து இதுதான்: மனு கையெழுத்தாகும் முன் அந்த வரியை வீட்டுப் பிள்ளைகளும் படிக்க வேண்டும். பல வீடுகளில் மலாய் நன்றாகப் படிப்பது நாம்தான். மின்கட்டணக் கடிதம் வந்தால் நம்மைக் கூப்பிடுவார்கள். மணவிலக்கு என்றால் மட்டும் "பெரியவங்க விஷயம், நீ உள்ள போ". உள்ளே போனதால் வந்த வினைதான் இது.

சூழ்நிலை பெரிதும் மாறியிருந்தால் பிள்ளை பற்றிய ஆணையை மாற்றித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். 18 நிறையுமுன் கேட்பது பாதுகாப்பானது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் ஜாபாத்தான் பந்துவான் குவாமானை நாடலாம்; வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன.

தோழிக்கு வயது கடந்துவிட்டது. அவள் வழக்கு எளிதாக இருக்காது. ஆனாலும் இந்த விடுமுறையில் அம்மாவை அழைத்துக்கொண்டு போகப் போகிறாள். அவளுடைய தம்பிக்கு இப்போது 15 வயது. அதே ஆணையில் அவனுக்கும் அதே வரி இருக்கிறது.