ஜாம்கேடிலிருந்து அரசு எடுத்ததும் விட்டதும்

மத அமைப்புகள் நடத்தும் மருத்துவமனைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே இரண்டு குரல்கள்தான் கேட்கும். ஏழைகளுக்கு இலவச மருத்துவம் என்ற புகழுரை ஒன்று. மதமாற்றம் என்ற சந்தேகம் மற்றொன்று. மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் நடந்ததை விளக்க இரண்டுமே போதாது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே தம்பதி, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி, 1970-இல் அகமத்நகர் மாவட்டத்தின் வறண்ட ஜாம்கேடில் பணியைத் தொடங்கினார்கள். கிடைத்த இடம் பழைய கால்நடை மருந்தகம். அப்பகுதியில் அப்போது பிறக்கும் 1,000 குழந்தைகளில் 176 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 1990-களில் அந்த எண்ணிக்கை 30-க்கும் கீழே வந்தது.

முதலில் பயிற்சி பெற்ற துணைச் செவிலியர்களைத்தான் கிராமங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு அங்கே தங்கப் பிடிக்கவில்லை; ஊர்ப் பெண்களும் அவர்களிடம் மனம்விட்டுப் பேசவில்லை. பிறகுதான் ஊரே தேர்ந்தெடுத்த பெண்கள் வந்தார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கணிசமானோர் தலித்துகள். வாரந்தோறும் ஜாம்கேடுக்கு வந்து இரவு தங்கிப் பயின்றார்கள். குழந்தையை எடைபோடுவது, வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுப்பது, காசநோய், தொழுநோய் அறிகுறிகளைக் கண்டுகொள்வது, பிரசவம் பார்ப்பது எல்லாம் பாடம். எல்லாச் சாதிப் பெண்களும் ஒன்றாக உண்டு, ஓரிடத்தில் உறங்கியதும் பாடத்தில் சேர்த்திதான்.

ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் மேல்சாதி வீட்டில் பிரசவம் பார்ப்பதே புரட்சி என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியல்ல. தீட்டு என்று ஒதுக்கிய வேலைக்கு அவர்களைக் கூப்பிடுவது நம் ஊர்களுக்குப் புதிதா என்ன? குழந்தைக்கு என்ன கொடுக்க வேண்டும், எப்போது மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அந்தப் பெண் சொல்ல, மேல்சாதி வீட்டார் கேட்டு நடந்தார்களே, அதுதான் புதிது. 1970-களின் தொடக்கத்தில் வந்த வறட்சியிலும் ஆரோலே தம்பதி இதே வழியில்தான் போனார்கள். ஆழ்துளைக் கிணறு போட, சேரிப் பகுதிக்குள்ளேயே நீரோட்டம் பார்க்கச் சொன்னார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் ஊர் சேரிக்கு வந்தாக வேண்டும். தீண்டாமைக்கு எதிராக ஆயிரம் கூட்டம் போட்டிருந்தாலும் இது நடந்திருக்காது.

இதே காலத்தில் ஜெனீவாவில் திருச்சபைகளுக்குள் ஒரு தன்விசாரணை நடந்துகொண்டிருந்தது. உலகத் திருச்சபைகள் மன்றம் 1968-இல் அமைத்த கிறித்தவ மருத்துவ ஆணையத்தின் முதல் இயக்குநர் ஜேம்ஸ் மெக்கில்வ்ரே, வேலூரில் பணியாற்றியவர். மிஷன் மருத்துவத்தின் பணமும் உழைப்பும் பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டடங்களுக்குள்ளேயே கரைகின்றன, வாசலுக்கு வர முடியாதவர்களை அவை எட்டுவதில்லை என்பது அந்த ஆணையம் கண்ட உண்மை. அதன் 'காண்டாக்ட்' இதழ் ஜாம்கேடின் அனுபவத்தை வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1975-இல் கொண்டுவந்த நூலிலும் ஜாம்கேட் இடம்பெற்றது. 1978-இல் அல்மா ஆட்டா மாநாட்டில் ஆரம்ப சுகாதாரம் உலகக் கொள்கையானபோது, அதற்குப் பின்னால் இருந்த முன்னோடி முயற்சிகளில் இதுவும் ஒன்று. 1979-இல் ஆரோலே தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது.

இதில் மதத்தின் பங்கு என்ன? வருமானமும் வசதியும் இல்லாத ஓரிடத்தில் பல பத்தாண்டுகள் ஊன்றி நிற்கும் பொறுமையை நம்பிக்கை தந்தது என்று தயங்காமல் சொல்லலாம். முறை மட்டும் எந்த மதத்துக்கும் சொந்தமில்லை. அதனால்தான் 2005-இல் ஆஷா திட்டத்தைக் கொண்டுவந்த மத்திய அரசால், ஊர்ப் பெண்ணே ஊருக்குச் சுகாதாரப் பணியாளர் என்ற கருத்தை எடுத்துக்கொள்ள முடிந்தது.

எடுத்துக்கொண்டது பாதிதான். ஜாம்கேடின் பெண்கள் சம்பளக்காரர்கள் அல்லர். ஆனால் அவர்களுக்கு வாரந்தோறும் பயிற்சி இருந்தது, சந்தேகம் கேட்க மருத்துவர் இருந்தார், தொழில் தொடங்கிச் சம்பாதிக்க வழிகாட்டுதல் இருந்தது. ஆஷா திட்டம் சம்பளமின்மையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. ஊக்கத்தொகைக்காக அந்தப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருக்கிறது. முதலில் கிடைக்கும் பயிற்சிக்குப் பிறகு அவர்களிடம் அதிகம் கேட்கப்படுவது பதிவேடுதான். சேவை என்ற சொல் மதத்திடமிருந்து அரசின் கைக்கு வரும்போது குறைந்த கூலிக்கு மறுபெயராகிவிடும் ஆபத்து இருக்கிறது.

மிஷன் மருத்துவமனைகளும் இந்த விமர்சனத்திலிருந்து தப்ப முடியாது. நவீனக் கருவிகளும் சிறப்புச் சிகிச்சைப் பிரிவுகளும் அவற்றை மீண்டும் கட்டடங்களுக்குள் இழுக்கின்றன; அவையில்லாமல் செலவை ஈடுகட்டுவதும் கடினம்தான். ஆனாலும் தங்கள் ஒன்றியத்தின் ஆஷா பணியாளர்களுக்கு மாதம் இரண்டு நாள் பயிற்சி தர ஒரு மருத்துவரையும் ஒரு செவிலியரையும் ஒதுக்குவது அவற்றுக்குப் பெரிய செலவல்ல. அந்தப் பெண்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியது அரசு. அந்தப் பொறுப்பை எந்தத் திருச்சபையின் தலையிலும் கட்ட முடியாது.