அம்மாவைக் காட்டுங்க சார்!

போன வாரம் ஆபீஸ்ல நண்பர் ஒருத்தர் நாய்க்குட்டி வாங்கப் போறதா சொன்னார். "எப்ப போய்ப் பாக்கறீங்க?"ன்னு கேட்டேன். "எதுக்குங்க போகணும்? வீடியோ அனுப்பிட்டாங்க. சனிக்கிழமை வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துருவாங்க"ன்னார். எனக்குப் பகீர்னு ஆச்சு. லாக்டவுன் முடிஞ்சு இத்தனை வருஷமாச்சு, அது சொல்லிக் குடுத்த இந்தக் கெட்ட பழக்கம் மட்டும் இன்னும் போகலை. அதான் இந்தப் பதிவு.

நாங்க இருக்கறது இங்கிலாந்துல. இங்க 'லூசி சட்டம்'னு ஒண்ணு இருக்கு. வேல்ஸ்ல ஒரு நாய்ப்பண்ணையில குட்டி போடற மெஷின் மாதிரி அடைச்சு வச்சிருந்த லூசிங்கற நாயை 2013-ல மீட்டாங்க. அதோட பேருல வந்த சட்டம். ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச குட்டியை, அதை வளர்த்தவங்கதான் நேரடியா விக்கணும். பொறந்த இடத்துல, தாயோட சேர்த்துக் காட்டணும். புரோக்கர், கடை எல்லாம் கட். (வேல்ஸும் ஸ்காட்லாந்தும் 2021-ல இதே மாதிரி சட்டம் போட்டாங்க.)

கூத்து என்னன்னா, இங்க லாக்டவுன் அறிவிச்சது 2020 மார்ச் 23. லூசி சட்டம் அமலுக்கு வந்தது ஏப்ரல் 6. ஒரு பக்கம் "நேர்ல போய்த் தாயைப் பாரு", இன்னொரு பக்கம் "வீட்டை விட்டு வெளிய வராதே"! ஊரே வீட்டுக்குள்ள உக்காந்துகிட்டு நாய்க்குட்டி தேடிட்டிருந்த நேரம் வேற. விலை தாறுமாறா ஏறிக் கிடந்துச்சு. ஏமாத்தறவனுக்கு இதை விட நல்ல நேரம் வாய்க்குமா?

எங்க வீட்லயும் அந்த ஆசை வந்துச்சு. தங்கமணியும் ஜூனியரும் சேர்ந்து படுத்தின பாட்டுல 2020 ஜூலைல ஒரு விளம்பரத்தைப் பாத்துப் ஃபோன் பண்ணினேன். "கொரோனா பாருங்க, வீட்டுக்குள்ள யாரையும் விடறதில்லை. சூப்பர்மார்க்கெட் கார் பார்க்குக்கு வந்துடுங்க"ன்னான். அடடா, எவ்ளோ பொறுப்பான ஆளுன்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேங்க.

போனோம். கார் டிக்கியைத் திறந்தான். அட்டைப்பெட்டிக்குள்ள ஒரே ஒரு குட்டி. வயிறு மட்டும் உப்பி, உடம்பு ஒட்டிப் போய், கண்ணு ஓரமெல்லாம் பீளை. "அம்மா எங்க?"ன்னேன். "வீட்ல இருக்கு சார், உங்க பாதுகாப்புக்காகத்தான் இப்படி"ன்னான். வீடியோ காலாவது போடுன்னா, வீட்ல யாரும் இல்லைங்கறான். ஜூனியர் அதுக்குள்ள குட்டியைத் தொட்டுட்டான். அது அவன் விரலை நக்குது. பாவம்னு வாங்கிட்டு வந்திருக்கலாம். ஆனா நாம இரக்கப்பட்டுக் குடுக்கற காசுலதான் அவன் அடுத்த பெட்டியை ரொப்புவான். விட்டுட்டு வந்துட்டோம். ஜூனியர் ரெண்டு நாள் எங்கிட்ட பேசலை. அன்னிக்கு ராத்திரியே கவுன்சிலுக்குப் புகார் எழுதிப் போட்டேன். ஆனாலும் அந்தக் குட்டி என்ன ஆச்சோன்னு இன்னிக்கும் சில ராத்திரி தோணும்.

ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு இடம். கிராமத்துல தனியா இருக்கற பாட்டி, எழுபது வயசுக்கு மேல. முதல்ல அரை மணி நேரம் வீடியோ கால். பதிவு பண்ணினது இல்ல, லைவ். குட்டிங்க தூங்கற இடம், தாய் நடந்து வர்றது, குட்டிங்க போய் முட்டிப் பால் குடிக்கறது, எல்லாம் காட்டினாங்க. நாங்க கேட்டதை விட அவங்க எங்களைக் கேட்ட கேள்விதான் ஜாஸ்தி. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி வேர்த்துப் போச்சு எனக்கு :-)

அப்புறம்தான் நேர்ல வரச் சொன்னாங்க. ஒரு நாளைக்கு ஒரே குடும்பம். வீட்டுக்குள்ள போகாம பக்கவாட்டு கேட் வழியா நேரா தோட்டத்துக்கு. மாஸ்க், ரெண்டு மீட்டர் இடைவெளி, குட்டியைத் தொடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கைகழுவல். கேட் பக்கத்துல ஒரு தட்டுல கிருமிநாசினி, அதுல ஷூவை நனைச்சுட்டுத்தான் உள்ள வரணும். "இது எனக்காக இல்லை, குட்டிங்களுக்காக"ன்னாங்க. பார்வோ வைரஸ் ஷூவுல ஒட்டிட்டே வரும், மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும், தடுப்பூசி முடியாத குட்டியைக் கொன்னுடும். அதனால ஒரே நாள்ல ரெண்டு இடத்துக் குட்டி பாக்கப் போறவங்களை அவங்க சேர்க்கறதே இல்லை.

இன்னொண்ணும் சொன்னாங்க. "இதுங்க பொறந்ததுல இருந்து என் ஒருத்தி மூஞ்சியைத்தான் பாத்திருக்கு. கொஞ்ச நேரம் புல்லுல சும்மா உக்காருங்க." மூணு வாரத்துலேர்ந்து பன்னெண்டு பதினாலு வாரம் வரைக்கும்தான் குட்டிங்க உலகத்தைப் பழகிக்கற வயசு. அப்ப வேத்து மனுஷங்களைப் பாக்காம வளர்ந்தா பிற்பாடு யாரைக் கண்டாலும் பயந்து குலைக்கும். குட்டி பாக்கப் போறது நமக்காக மட்டும் இல்ல, அதுக்காகவும்தான்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

என் கட்சி இதாங்க. கொரோனாவுக்கு நெஜமா பயப்பட வேண்டியவங்க அந்தப் பாட்டி. அவங்களே வழி கண்டுபிடிச்சுக் காட்டினாங்க. கார் பார்க்ல நின்னவன் வைரஸைச் சாக்கு வச்சு மறைச்சது தாயை. பாதுகாப்பு வேற, மறைப்பு வேற. முதல் லாக்டவுன் மாதிரி போகவே முடியாத நேரமும் இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஏற்கனவே குட்டி போட்டு வச்சிருந்தவங்களுக்கு அது பெரிய கஷ்டம்தான். ஆனா வாங்கறவங்க நமக்கு என்ன அவசரம்? நாய்க்குட்டி என்ன பால் பாக்கெட்டா, இன்னிக்கு இல்லைன்னா காபி இல்லைங்கறதுக்கு?

நண்பர்கிட்ட இதையெல்லாம் சொல்லி, "அட்வான்ஸ் குடுக்காதீங்க, முதல்ல அம்மாவைக் காட்டச் சொல்லுங்க"ன்னேன். கேட்டிருக்கார். "தாய் வாக்கிங் போயிருக்கு"ன்னு பதில் வந்துச்சாம். மறுநாள் கேட்டா, டாக்டர்கிட்ட போயிருக்காம். சனிக்கிழமை டெலிவரியை கேன்சல் பண்ணிட்டார்.

உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.

டிஸ்கி: பாட்டி வீட்டுக் குட்டிக்கு ஜூனியர் வச்ச பேரு ஜிலேபி. இதை டைப் பண்றப்ப என் செருப்பைத்தான் கடிச்சுட்டிருக்கு. சமூக இடைவெளியாவது ஒண்ணாவது!